மூன்றாவது ஓலை

ஐயர் புத்தகத்தை மூடிவிட்டார். இன்னும் ஒன்று வாசிப்பார் என்று நான் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாசிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். பாட்டு எண்ணைச் சொன்னார்.

வெளியே சாரல். கோயில் தகரக் கூரையில் அரிசி புடைக்கிற சத்தம். ஈரச் சேலை வாடை. எல்லாரும் எழுந்து பாடினார்கள். நானும் எழுந்தேன். வாய் பாடியது.

பக்கத்தில் நின்றவள் ஞானப்பூ. பக்கத்து ஊர் இலஞ்சிக்காரி. பாட்டோடு பாட்டாக என் காதில் சொன்னாள்.

"ஐயரம்மா, ஒங்க வீட்டு ஓலைய வாசிக்கலியே."

"ம்" என்றேன்.

"இது மூணாவதுல்லா?"

"ம்."

பாட்டு முடிந்தது. ஆமென் சொல்லி உட்கார்ந்தோம். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டே இன்னொன்றும் சொன்னாள்.

"மழைச் சத்தத்துல யாருக்குங் கேட்டிருக்காது. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அது நல்ல மனசில் சொன்னது. எனக்குத்தான் அதற்குப் பிறகு பிரசங்கம் காதில் ஏறவில்லை.

ஓலை என்றால்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு அம்மாள் கடிதம் போட்டிருந்தார்கள். ஐயர் என்கிறீர்களே, நீங்கள் பிராமணரா என்று. இல்லை. எங்கள் பக்கம் கிறிஸ்தவச் சபைக் குருவை ஐயர் என்போம். அவர் வீட்டுக்காரி ஐயரம்மா. இருக்கிற வீடு குருமனை. எனக்கு எழுதத் தெரிந்தது நாலாம் வகுப்பு வரைதான். அதனால் இதையெல்லாம் சொல்ல விட்டுப்போயிற்று.

ஓலையும் அப்படித்தான். கலியாணம் என்றால் மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிக்க வேண்டும்; அந்த அறிவிப்புக்குப் பேர்தான் ஓலை. இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கலியாணம், தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று கேட்பார்கள். பெண் ஊரிலும் வாசிக்க வேண்டும், மாப்பிள்ளை ஊரிலும் வாசிக்க வேண்டும். மூன்றும் முடிந்தால்தான் தாலி. ஒன்று குறைந்தாலும் இல்லை.

கலியாண வீட்டார் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி, ஆராதனைக்கு முன்னால் அங்கி மாட்டுகிற அறை வாசலில் நின்று ஐயரிடம் கொடுப்பார்கள். அவர் "நல்லது" என்று வாங்கி வேதப்புத்தகத்தில் வைத்துக்கொள்வார். நேரம் வந்ததும் எடுத்து வாசிப்பார்.

அந்த ஞாயிறு மூன்று சீட்டு இருந்தது. மூன்றையும் வாசித்தார்.

எங்கள் மகள் எஸ்தருக்குச் சீட்டு இல்லை. சொந்த மகளுக்கு யார் சீட்டு கொடுப்பார்கள்? முதல் இரண்டு ஞாயிறும் மனசிலிருந்தே சொன்னார். மூன்றாவது ஞாயிறு மனசில் இடம் இல்லை.

ஒன்பது ஊர்

வெள்ளைக்காரன் ராஜ்யம் இருந்த காலம். பெரிய உலகச் சண்டை இன்னும் வரவில்லை. தென்காசிச் சேகரத்தில், அதாவது எங்கள் ஐயர் பொறுப்பில், அப்போது ஒன்பது ஊர். ஐயர் ஒருத்தர், அவருக்கு உதவிக்கு உபதேசியார் ஒருத்தர், சைக்கிள் ஒன்று. உபதேசியாருக்கு மூட்டு வலி. அவர் தென்காசியோடு சரி.

ஒரு ஊரில் சாவு, ஒரு ஊரில் ஞானஸ்நானம், ஒரு ஊரில் பெஞ்சில் யார் முன்னால் உட்காருவது என்று சண்டை. அந்தப் பெஞ்சுச் சண்டை மட்டும் ஒரு வருஷம் ஓடியது. இவர் போய்ப் போய்ப் பேசுவார். கடைசியில் பெஞ்சைக் கறையான் தின்றது. சமாதானம் வந்தது.

குருமனைக்குக் கதவு உண்டு, சாத்துவது கிடையாது. சோற்றில் கை வைத்தால் யாராவது வந்து நிற்பார்கள். இவர் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவார். திரும்பி வரும்போது சோறு காய்ந்திருக்கும். "நல்லாருக்கு" என்று சொல்லிச் சாப்பிடுவார்.

தென்காசிக்கு வருமுன் வேறு சேகரத்தில் இருந்தபோது, எஸ்தர் மூன்று வயசில் கேட்டதைச் சொல்ல வேண்டும். இவர் பத்து நாள் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். பிள்ளை என் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

"அம்மா, இந்த ஐயரு எந்த ஊரு?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் ரொம்ப நேரம் நடந்தார். அடுத்த நாள் காலை வேறு ஊர்.

குறை சொல்லவில்லை. அவர் வேலை அது. தெரிந்துதான் கழுத்தை நீட்டினேன்.

எஸ்தர் கலியாண வருஷம் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. வீட்டுக்குள் நின்றுகொண்டே வீட்டுச் சாவியைத் தேடினார். என்னை ஒரு நாள் "என்னம்மா, எந்தச் சபை?" என்று கேட்டுவிட்டு அவரே விழித்தார். தூக்கத்தில் அடக்க ஜெபம் சொன்னார். யாரிடம் சொல்வது? ஐயருக்கு ஒரு ஐயர் உண்டா?

மாசிலாமணி வீட்டுச் சோறு

ஞானப்பூ வீட்டுக்காரர் மாசிலாமணி. மாட்டு வண்டி வைத்திருந்தார். நாங்கள் தென்காசிக்கு வந்த மறு வருஷம் அவர் மகனுக்குக் கலியாணம். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிற்றுக்கு முந்தின நாள் இவர் இலத்தூர் போயிருந்தார். ஐப்பசி மழை. இலத்தூர்க் குளம் மறுகால் பாய்ந்து பாதை அடைபட்டுவிட்டது. திரும்ப முடியவில்லை. தென்காசியில் உபதேசியார் இருந்தார்; ஆனால் எங்கள் சேகரத்தில் ஓலை ஐயர்தான் வாசிக்க வேண்டும்.

கலியாணம் திங்கட்கிழமை. காலையில் தண்ணீர் வடிந்து இவர் வந்து சேரும்போது அவர்கள் வீட்டில் சோறு வடித்தாயிற்று. "ஓலை குறையுது. அடுத்த ஞாயிறு வாசிச்சிட்டுத்தான் கலியாணம்" என்று இவர் சொல்லிவிட்டார். மாசிலாமணி கேட்டார், சண்டை போட்டார், கையெடுத்தும் கும்பிட்டார். இவர் அசையவில்லை. கலியாணம் ஒரு வாரம் கழித்துத்தான் நடந்தது. அதோடு மாசிலாமணி கோயில் படியை மிதிக்கவில்லை. எதிரே இவர் சைக்கிள் வந்தால் வண்டியை மறுபக்கம் ஒடிப்பார். நாலு வருஷம் அப்படி. ஞானப்பூ மட்டும் வருவாள்.

இப்போது அவள்தான் சொல்கிறாள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று.

திங்கள் காலை

ஞாயிறு மத்தியானமே இவரிடம் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வருமுன் இலத்தூரிலிருந்து சாவு சொல்ல ஆள் வந்து நின்றது. சாவு வீட்டு ஆட்களை வைத்துக்கொண்டு கலியாணப் பேச்சு எடுக்க மனம் வரவில்லை. நின்றபடியே சாப்பிட்டுவிட்டு சைக்கிளை எடுத்துப் போய்விட்டார். சாயங்கால ஆராதனையில் வாசிப்பார் என்று கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. அதுவும் போயிற்று. திங்கள் காலைதான் ஆள் கையில் கிடைத்தார்.

கலியாணம் வியாழக்கிழமை. ஆடி மாசம். ஆடியில் ஊரில் இந்துக்கள் யாரும் கலியாணம் வைக்க மாட்டார்கள். பந்தல்காரரும் சமையல்காரரும் சும்மா இருப்பார்கள். அதனால்தான் நாங்கள் ஆடியில் வைத்தோம். முந்திரிக்கொத்துப் பலகாரம் பிடித்தாயிற்று. வாழைத்தார் தொங்குகிறது. தொழுவத்தில் ஆடு நிற்கிறது.

மாவு ஆட்டிக்கொண்டே யோசித்தேன். நான் பேசாமல் இருந்தால் வியாழக்கிழமை கலியாணம் நடந்துவிடும். மூன்று ஓலையும் வாசித்ததாக இவர் பதிவில் கையெழுத்துப் போடுவார். அறியாமல் போடுவார், அது பொய் இல்லை. அறிந்தவள் நான். பொய் என் பேரில்தான் நிற்கும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மாசிலாமணிக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடும். இந்த மனுஷனிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு நியாயம்தான். அதையும் நான் எடுக்கக் கூடாது.

கையைக் கழுவிக்கொண்டு போனேன். காப்பித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, எஸ்தருக்கு மூணாவது ஓலை வாசிக்கல."

"வாசிச்சேனே."

"மூணு ஓலை வாசிச்சிய. நம்ம வீட்டு ஓலை அதுல இல்ல."

வேதப்புத்தகத்தை எடுத்தார். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பலகையில் வைத்தார். மூன்று. திருப்பிப் பார்த்தார். புத்தகத்தைக் கவிழ்த்து உதறியும் பார்த்தார். ஒன்றும் விழவில்லை.

"மறந்துட்டேன் அன்னம்" என்றார்.

"ஆமா."

"சொந்தப் பிள்ளைய மறந்துட்டேன்."

காப்பி ஆறிவிட்டது. எடுத்துப் போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்தேன்.

உபதேசியார் மூட்டு வலியோடு நொண்டிக்கொண்டு வந்தார். விஷயம் கேட்டதும் ஒரு வழி சொன்னார்.

"பாளையங்கோட்டைக்கு ஆள் அனுப்பி, ஓலைக்குப் பதிலா பிஷப்புகிட்ட லைசென்ஸ் வாங்கிரலாம் ஐயரே. இன்னைக்குப் போனா புதன்கிழமை வந்துரும்."

"மாசிலாமணிக்கு வாங்கிக் குடுத்தமா?"

உபதேசியார் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"அடுத்த திங்கட்கிழமை கலியாணம்" என்றார் இவர். எழுந்து எஸ்தரிடம் போய்ச் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சரிப்பா" என்றாள். மடித்த துணியையே இன்னொரு தடவை மடித்தாள்.

பிறகு இவர் சைக்கிளை எடுத்தார். எங்கே என்று கேட்டேன். இலஞ்சி என்றார்.

அங்கே நடந்ததை ஞானப்பூ பின்னால் சொன்னாள். மாசிலாமணி மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தாராம். இவர் முற்றத்தில் நின்று சொன்னாராம்.

"ஒம்ம மகன் கலியாணத்தத் தள்ளி வச்சேன். அன்னைக்குத் தப்பு என்மேல. இப்ப என் மக கலியாணத்தையும் தள்ளி வச்சிருக்கேன். இதுலயும் தப்பு என்மேலதான். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

மாசிலாமணி திரும்பிப் பார்க்கவில்லையாம். மாட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாராம். இவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

பதினாலு பேர்

மாப்பிள்ளை வீட்டார் கிழக்கே, செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம். செவ்வாய்க்கிழமை ரயிலில் வருவதாக ஏற்பாடு. காகிதம் போட நேரம் இல்லை. தந்தி அடிக்கலாம். எங்கள் பக்கம் தந்தி வந்தால் பிரிக்குமுன் அழத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே வரட்டும், நேரில் சொல்வோம் என்று இவர் ஸ்டேஷனுக்குப் போனார். நானும் போனேன். அவரைத் தனியாக விட மனம் இல்லை.

பதினாலு பேர் இறங்கினார்கள். பனங்கற்கண்டு ஓலைப்பெட்டி, டிரங்குப் பெட்டி, ஒரு கிழவிக்குக் கட்டில் வேறு. சம்பந்தி பொன்னையா முன்னால் வந்தார். கருப்பட்டி வியாபாரம். குரல் பெரிசு.

இவர் கும்பிட்டுவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். சம்பந்தி கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தலை குனிந்துகொண்டான்.

"பதினாலு பேரு வந்திருக்கோம்" என்றார் சம்பந்தி.

"ஆமா."

"எங்க ஊர்க் கோயில்ல மூணு ஓலையும் வாசிச்சாச்சு."

"ஒங்க ஐயரு கவனமானவரு."

"ஊருக்கெல்லாம் ஓலை வாசிக்கீரு. ஒம்ம மகளுக்கு வாசிக்க நாக்கு எழும்பலையோ? இல்ல, பொண்ணு தர இஷ்டம் இல்லையா? வெளிப்படையா சொல்லும். அடுத்த வண்டிக்குக் கெளம்புதோம்."

"இஷ்டந்தான். மறந்துட்டேன்."

"மறக்கிற காரியமா வே இது?"

இவர் கிழவியின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிந்தது கலியாணம் என்று நினைத்தேன். எஸ்தர் முகம் கண் முன்னால் வந்தது.

அப்போது ஸ்டேஷன் வாசலிலிருந்து ஒரு குரல்.

"பெட்டிய எல்லாம் இங்கன கொண்டாங்க அண்ணாச்சி. மாடு நிக்க மாட்டேங்குது."

மாசிலாமணி. வண்டி பூட்டி வந்திருந்தார். பின்னால் இன்னொரு வண்டியில் அவர் மகன். இவரைப் பார்க்காமல் நேரே சம்பந்தியிடம் வந்தார்.

"எம் மகனுக்கும் இந்த மனுசன் இதே வேலைதான் பாத்தாரு. ரெண்டு அண்டாச் சோறு மாட்டுக்குப் போச்சு. நாலு வருசமா நான் பேசல."

"பெறகு எதுக்குவே வண்டி கொண்டாந்தீரு?" என்றார் சம்பந்தி.

"ஏழைன்னு பாத்து நம்மள மட்டுந்தான் தள்ளி வச்சாருன்னு நெனச்சிருந்தேன். பெத்த மகளையும் தள்ளி வச்சிருக்காரு. இனிமே என்ன சொல்ல? ஏறுங்க. கலியாணம் திங்கக்கெழமதான். அதுவரைக்கும் குத்தாலத்துல தண்ணி விழுதுல்லா. ஒங்க ஊருல குடிக்கவே தண்ணி கெடையாது. நல்லா குளிச்சிட்டுப் போங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கட்டில் கிழவிதான். "தண்ணி நெறைய விழுதோ?" என்று கேட்டாள்.

சம்பந்தி இவரைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். "கட்டில மொதல்ல ஏத்துங்கலே" என்றார்.

பாறையில்

ஆறு நாள். பதினாலு பேர் வீட்டில். ஆட்டுக்கு நாலு நாள் ஆயுள் கூடியது. முந்திரிக்கொத்து தாங்கும். வாழைத்தார் தாங்காது, அதைக் குற்றாலத்துக்கு எடுத்துப் போனோம்.

கலியாணத்துக்கென்று இவர் அந்த வாரம் லீவு எழுதி வாங்கியிருந்தார். ஊர்களுக்கு அண்டைச் சேகரத்து ஐயர் போகிறதாக ஏற்பாடு. கலியாணம் தள்ளிப்போனதில் இவருக்கு மூன்று நாள் ஒரு வேலையும் இல்லை. பந்தல் போட்டாயிற்று. எல்லாம் ஆயிற்று. கையைப் பிசைந்துகொண்டு முற்றத்தில் நின்றார். "வண்டியில ஏறுங்க" என்றேன்.

ஐந்து வருஷத்தில் இவர் குற்றாலத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறார். சீக்காளியைப் பார்க்க, அடக்கம் பண்ண. ஒரு தடவை அருவியில் தலை நனைத்தது கிடையாது. தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டே சைக்கிள் மிதித்துத் திரும்பிவிடுவார்.

பெண்கள் ஒரு பக்கம் குளித்தோம். ஈரத் தலையோடு புளிச்சோற்றை அவிழ்த்து வைத்தோம். ஆண்கள் பக்கம் நடந்ததை மாசிலாமணி வந்து சொன்னார். எண்ணெய் தேய்க்கிற ஆள் இவர் தோளை அமுக்கிப் பார்த்தானாம்.

"என்ன அண்ணாச்சி, கல்லு மாதிரி இருக்கு? எதச் சொமக்கிய?"

"ஒம்போது ஊரு" என்றாராம் இவர்.

"ஒம்போது ஊருல நெலமா?"

"நெலம் இல்ல. சனம்."

"அப்ப ரெண்டு கை எண்ணெ கூடப் போடணும்" என்றானாம் அவன்.

எண்ணெய் போகக் குளித்துவிட்டு, பாறையில் சாய்ந்தவர் தூங்கிவிட்டார். நான் போய்ப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. மேலே சாரல் விழுந்துகொண்டிருந்தது. யாரும் எழுப்பவில்லை. சாரலும் எழுப்பக் கூடாது என்று மாசிலாமணி துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பகலில் இவர் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திரும்பும்போது எஸ்தரும் இவரும் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். நான் வண்டியில். பேச்சு காதில் விழுந்தது.

"கோவமா இருக்கியா?" என்றார்.

"இல்லப்பா. தப்பு எம்மேலதான். ஊருல எல்லாரும் சீட்டு குடுக்காவ. நான் குடுக்கலல்லா."

"மகளுக்கு எதுக்கு சீட்டு?"

"அதான் மறந்துட்டிய."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் அவர் அவள் கையிலிருந்த ஈரத்துணி மூட்டையை வாங்கிக்கொண்டார்.

நல்லதும்மா

சனிக்கிழமை நான் ஒரு சீட்டு எழுதினேன். எஸ்தர் பெயர், மாப்பிள்ளை பெயர், தகப்பன்மார் பெயர், மூன்றாவது ஓலை. கீழே என் பெயர். நாலாம் வகுப்பு எழுத்து. வரி ஏறி இறங்கி இருந்தது.

ஞாயிறு காலை எல்லாரும் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். என் முறை வந்தது. நீட்டினேன். இவர் தலை நிமிராமல் வாங்கினார்.

"நல்லதும்மா" என்றார்.

பிறகு சீட்டைப் பார்த்தார். நிமிர்ந்தார். நான் போய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டேன்.

அன்று சாரல் இல்லை. கூரை சத்தம் போடவில்லை. சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசித்தார். தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று கேட்டார். வழக்கமாக உடனே அடுத்ததற்குப் போவார். அன்று நிறுத்திவிட்டுச் சபையைப் பார்த்தார்.

பின்னால் ஆண்கள் பக்கம் யாரோ பலமாக இருமினார்கள். எல்லாத் தலையும் திரும்பியது. சம்பந்தி பாதி எழுந்துவிட்டார். பார்த்தால் மாசிலாமணி. நாலு வருஷம் கழித்துக் கோயிலுக்குள் வந்து உட்கார்ந்திருந்தார்.

"குத்தாலத்து இருமல் ஐயரே" என்றார். "நீங்க வாசிங்க."

திங்கட்கிழமை கலியாணம் நடந்தது. சோறு மிஞ்சவில்லை.

அந்தச் சீட்டை இவர் வேதப்புத்தகத்திலேயே வைத்துக்கொண்டார். நானும் ஒரு பாடம் படித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வீட்டுக் காரியம் எதுவானாலும் சீட்டு எழுதி, அங்கி மாட்டுகிற அறை வாசலில் வரிசையில் நின்று கொடுப்பேன். "வியாழன் மத்தியானம் வீட்டில் சாப்பாடு." "எஸ்தர் வருகிறாள், சாயங்காலம் வீட்டில் இருக்க வேண்டும்." "நல்லதும்மா" என்று வாங்கி வைப்பார். சீட்டில் வந்த எதையும் அவர் மறந்தது கிடையாது.

வருஷா வருஷம் ஆடி பிறந்ததும் ஒரு சீட்டு உண்டு. "குற்றாலம்" என்று மட்டும் எழுதுவேன். போய்விட்டு வருவோம்.